வெளிநாடுவாழ் இந்தியரின் வங்கிக் கணக்கு: பிடித்தம் முதல் முடக்கம் வரை, அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கணக்கு ஊரில், பிழைப்பு துபாயிலோ சிங்கப்பூரிலோ என்று இருப்பவர்களுக்கு வரும் வங்கித் தொல்லைகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான். வங்கியின் பதிவில் உங்களைப் பற்றி ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட், பான், வருமான வரித் தளம் ஆகியவற்றில் வேறொன்று இருக்கிறது. இந்த முரண் எங்கே என்று கண்டுபிடிக்காமல் கிளைக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்புவதாலும், நான்கு நாள் விடுப்பில் விமானம் ஏறி வருவதாலும் பணமும் நேரமும்தான் கரையும்.

எதைத் தொடங்குவதற்கு முன்பும் கடைசி ஓராண்டு ஸ்டேட்மெண்ட்டைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு அச்சாகியிருக்கும். அது சுருக்கெழுத்தில் புரியாதபடி இருந்தால், அதன் விரிவு என்ன என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கூடவே உங்கள் வங்கியின் தளத்தில் வெளிநாடுவாழ் வாடிக்கையாளருக்கான கட்டணப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். உள்ளூர்க் கணக்குகளின் பட்டியல் இதற்கு உதவாது.

ஒரு முன்குறிப்பு: 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் வரிப் படிவங்களின் எண்களும் மாறுகின்றன. வங்கியிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் புழங்கிப் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்கிறேன். படிவம் நிரப்பும் அன்று புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அனுப்பிய தொகை முழுதாக வந்து சேரவில்லை

முதலில், எங்கே குறைந்தது என்று பாருங்கள். மூன்று இடங்களில் குறையலாம்.

வழியிலேயே குறைந்திருந்தால், இடையில் நின்ற வங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக அனுப்பும்போது கட்டணம் யார் தலையில் என்று ஒரு கட்டம் இருக்கும். ஓயுஆர் என்று போட்டால் அனுப்புபவர் ஏற்கிறார். பிஇஎன் என்றால் பெறுபவர். எஸ்எச்ஏ என்றால் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் எஸ்எச்ஏ என்றே போகும். அனுப்பிய வங்கியிடம் ஸ்விஃப்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கட்டணமுறை, யார் எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில் இருக்கும். பணம் வராமலே இருந்தாலும் தேடுவதற்கு இதே நகல்தான் வேண்டும். “அனுப்பிவிட்டோம்” என்ற குறுஞ்செய்தியை வைத்துக்கொண்டு ஊரில் உள்ள கிளையால் எதையும் தேட முடியாது.

இரண்டாவது, மாற்று விகிதம். கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்பவர்கள் விகிதத்தில்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பும்போது வெள்ளிக்கு 50 காசு குறைந்தாலும் 4,000 ரூபாய் போய்விடும். ஸ்டேட்மெண்ட்டில் இது கட்டணமாகத் தெரியவே தெரியாது என்பதால் பலர் கவனிப்பதில்லை. வங்கி கொடுத்த விகிதத்தை அதே நாளின் சந்தை விகிதத்தோடு ஒப்பிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தொகை பெரிதென்றால் அனுப்புவதற்கு முன்பே கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் விகிதம் பேசலாம். பல வங்கிகள் சற்று ஏற்றித் தருகின்றன. கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை.

மூன்றாவது, நாணய மாற்றத்தின் மீதான ஜிஎஸ்டி. இது சட்டப்படியானது, தொகையும் சிறியது. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால், மாற்றிய தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன் மேல் 18 சதவீதம். அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் கீழே போகாது என்பதால் வரி குறைந்தது 45 ரூபாய். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். ஐந்து லட்சத்துக்கு 540 ரூபாய். இதைவிட மிக அதிகமாகப் பிடித்திருந்தால் அது வேறு கட்டணம். கேளுங்கள்.

அறிகுறி: வட்டியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை

இது வங்கிக் கட்டணம் அல்ல, வரிப் பிடித்தம். வெளிநாடுவாழ் மக்கள் அதிகமாக இழப்பதும், திரும்பக் கேட்காமல் விட்டுவிடுவதும் இந்தப் பணத்தைத்தான்.

வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கான என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் எஃப்சிஎன்ஆர் வைப்புக்கும் அப்படியே. வாடகை, நிலம் விற்ற பணம் என்று இந்தியாவில் கிடைப்பதைப் போடும் என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு மட்டும் 30 சதவீத டிடிஎஸ் (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி), அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். உள்ளூர்வாசிகளுக்கு உள்ளதுபோல் இவ்வளவு வரை பிடித்தமில்லை என்ற வரம்பு இதற்குக் கிடையாது. ஒரு ரூபாய் வட்டிக்கும் பிடிப்பார்கள். வரி பிடிக்கவேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் 15ஜி, 15எச் படிவங்களும் வெளிநாடுவாழ்வோருக்குச் செல்லாது. விவரம் தெரியாமல் கொடுத்து வைத்திருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அது தவறான உறுதிமொழி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அப்பா காலத்து நிலம் விற்ற பணம் என்ஆர்ஓ வைப்பில் இருக்கிறது, ஆண்டுக்கு 60,000 ரூபாய் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் 18,720 ரூபாய். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானமே இல்லை என்றால் அந்த 60,000 அடிப்படை விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. பழைய வரிமுறையில் அந்த வரம்பு 2.5 லட்சம், புதிய முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம். ஆக, 18,720 முழுவதும் அவருக்குத் திரும்ப வரவேண்டிய பணம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வரும். செய்யாவிட்டால் அரசிடமே நின்றுவிடும்.

தாக்கல் செய்ய ஐடிஆர் 2 படிவம். ஐடிஆர் 1 உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். சிலர் அதில் போட்டுவிட்டுச் சிக்கிக்கொள்கிறார்கள். பிடித்தம் உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஏறவில்லை என்றால் வங்கியில் உங்கள் பான் எண் தவறாக இருக்கக்கூடும். தாக்கல் செய்து 30 நாட்களுக்குள் சரிபார்ப்பையும் முடிக்கவேண்டும். ஓடிபி வழியில்லாதவர்கள் ஐடிஆர்-வி தாளில் கையெழுத்திட்டுப் பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம்.

வட்டி பெரிய தொகை என்றால் பிடித்தத்தையே குறைக்க வழி உண்டு. இந்தியா பிற நாடுகளோடு செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களின்படி வட்டிக்கான விகிதம் ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பவருக்கு 12.5 சதவீதம், மலேசியாவுக்கு 10, சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் 15. இதற்கு வங்கி கேட்பவை: நீங்கள் வாழும் நாட்டின் வரி அலுவலகம் தரும் வரிவாழ்விடச் சான்றிதழ், வருமான வரித் தளத்தில் நிரப்பிய 10எஃப் படிவம், பான் நகல், வங்கியின் சொந்த உறுதிமொழித் தாள். இவற்றை ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஜனவரியில் கொடுத்தால் அதற்கு முன் பிடித்ததை வங்கி திருப்பித் தராது. சான்றிதழ் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றிருந்து, நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், சில வங்கிகள் இரண்டு ஆண்டுச் சான்றிதழ் கேட்கின்றன. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இந்தச் சான்றிதழ் தேவை என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் கட்டணம் உண்டு. அமெரிக்காவில் தனிநபர் விண்ணப்பத்துக்கு 85 டாலர். மேலே சொன்ன 60,000 ரூபாய் வட்டிக்காரருக்குக் கணக்குத் தாக்கல் செய்வதுதான் மலிவான வழி. அவர் அமீரகத்தில் வசிப்பவர் என்றால், ஒப்பந்த விகிதத்தைக் கேட்டாலும் 7,500 ரூபாய் பிடிக்கப்படும். அதைத் திரும்பப் பெறவும் தாக்கல் செய்யத்தான் வேண்டும்.

அறிகுறி: பான் செயலிழந்தது என்று வருகிறது, ரீஃபண்டும் நிற்கிறது

ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தவையாகக் குறிக்கப்பட்டன. வெளிநாடுவாழ்வோருக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் வெளிநாடுவாழ்பவர் என்பது வருமான வரித் துறையின் பதிவில் இருந்தால்தான் அந்த விலக்கு வேலை செய்யும். சம்பளத்துக்காக இளவயதில் பான் எடுத்துவிட்டுப் பிறகு கிளம்பிய பலர் இன்னும் உள்ளூர்வாசிகளாகவே அங்கே பதிவாகியிருக்கிறார்கள். தளத்தில் நுழைந்து வசிப்பிட நிலையைப் பாருங்கள். தவறாக இருந்தால் உங்கள் பானுக்குரிய மதிப்பீட்டு அதிகாரிக்கு பாஸ்போர்ட் நகலோடு எழுதி மாற்றக் கேளுங்கள். அதிகாரி யார் என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். செயலிழந்த பானை வைத்தும் கணக்குத் தாக்கல் செய்யலாம்; ரீஃபண்ட் மட்டும் நிலை சரியான பிறகுதான் வரும்.

அறிகுறி: “பெயர் ஒத்துப்போகவில்லை”

இது நம் ஆட்களுக்கே உரிய சங்கடம். பாஸ்புக்கில் “மு. செல்வம்”. பான் விண்ணப்பத்தில் முதல் எழுத்தை மட்டும் எழுத விடமாட்டார்கள் என்பதால் அதில் “செல்வம் முத்தையா”. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பெயர்க் கட்டத்தில் “முத்தையா செல்வம்”. வெளிநாட்டு வங்கியோ பாஸ்போர்ட்டை வைத்துக் கணக்கு திறந்து, “முத்தையா” முதற்பெயர், “செல்வம்” குடும்பப் பெயர் என்று பிரித்துக்கொள்கிறது. ஆள் ஒருவர்தான்; கணினிக்கு நான்கு பேர். அனுப்பிய பணம் நிறுத்திவைக்கப்படுவதும், ரீஃபண்டுக்கான கணக்குச் சரிபார்ப்பு தோற்பதும், கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள் திருப்பி அனுப்பப்படுவதும் இதனால்தான்.

பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். விசா, வேலை அனுமதி எல்லாம் அதோடு கட்டுண்டிருப்பதால் அதை மாற்றுவதுதான் மிகக் கடினம். மற்றவற்றை அதற்கு இணங்க மாற்றுங்கள். முதலில் பானில் திருத்தம், அடுத்து வங்கி. வங்கியில் முதலெழுத்தை விரித்தெழுத பாஸ்போர்ட், பான் நகல்களோடு ஒரு கடிதம் பெரும்பாலும் போதும். சில கிளைகள் இந்த இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். அரசிதழ் அறிவிப்பு என்பது பெயரையே மாற்றுகிறவர்களுக்கு. முதலெழுத்தை விரிக்க அது வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை அவசரமாகப் பணம் அனுப்பவேண்டி வந்தால், பெறுபவர் பெயரை வங்கிப் பதிவில் உள்ளபடியே, புள்ளியும் இடைவெளியும் உட்பட, எழுதுங்கள்.

அறிகுறி: மாதாமாதம் சிறு தொகை கழிகிறது

குறைந்தபட்ச இருப்பு, குறுஞ்செய்தி, டெபிட் அட்டையின் ஆண்டுக் கட்டணம் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. வெளிநாட்டில் இருப்பவருக்கு ஜிஎஸ்டி எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு வைத்திருப்பவருக்கு வங்கி தரும் சேவை, வங்கி இருக்கும் இடத்தில் நடப்பதாகவே சட்டம் கொள்கிறது. ஆகவே உண்டு.

குறைந்தபட்ச இருப்புக்கு ரிசர்வ் வங்கி 2015 ஏப்ரல் முதல் விதித்துள்ள வரம்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அபராதம் போடுவதற்கு முன் தகவல் தந்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதம் அவகாசம் தரவேண்டும். அபராதம் குறைந்துபோன தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்கவேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. உங்கள் கணக்கு மைனஸ் காட்டுகிறது, காரணம் இந்த அபராதம்தான் என்றால், கட்டிவிட்டுப் பிறகு பேசலாம் என்று இருக்காதீர்கள். விதியைச் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தையே எடுத்துவிட்டது. எப்போதோ திறந்து மறந்துபோன இரண்டாவது என்ஆர்ஓ கணக்கு இருந்தால் மூடிவிடுவது நல்லது.

அறிகுறி: கணக்கு முடங்கிக் கிடக்கிறது

எந்த முடக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு ஆண்டு கடந்திருந்தால் அது செயல்படாக் கணக்கு. வங்கி வட்டி போட்டதும் கட்டணம் எடுத்ததும் பரிவர்த்தனையாகக் கொள்ளப்படாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி இதை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச இருப்பு அபராதமும் கிடையாது, சேமிப்பு வட்டி தொடர்ந்து சேரவேண்டும்.

கேஒய்சி காலாவதியானதால் முடக்கம் என்றால் ஆவணம் கொடுக்கவேண்டும். “நேரில் வாருங்கள்” என்பதுதான் கிளையிலிருந்து வரும் முதல் பதில். கட்டாயமில்லை. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறை, வெளிநாடுவாழ்வோரின் ஆவண நகல்களை யார் யார் சான்றளிக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது: இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரிகள், இந்திய வங்கியோடு உறவுள்ள வெளிநாட்டு வங்கிக் கிளைகள், அங்குள்ள நோட்டரி, நீதிபதி, இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். சிங்கப்பூரில் இந்தியன் வங்கிக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் கிளைகள் இருக்கின்றன. துபாயில் பாங்க் ஆஃப் பரோடா இருக்கிறது. பாஸ்போர்ட், விசா அல்லது வசிப்பிட அட்டை, வெளிநாட்டு முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களில் சான்று பெற்று, மூலக் கையெழுத்தோடு கூரியரில் அனுப்புங்கள். ரசீது எண்ணை மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். வீடியோ கேஒய்சி வெளிநாட்டிலிருந்து நடக்காது. ஆள் இந்தியாவில் இருப்பதை இருப்பிடக் குறி மூலம் உறுதிசெய்யவேண்டும் என்பது விதி. விடுப்பில் வரும்போது அதை முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை: நீங்கள் வெளிநாட்டில் இருப்பதை அறிந்து, உங்கள் பழைய உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை வங்கி நிறுத்தியிருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போனவர் அந்தக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும் என்பது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் நிலை. மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. பயந்துபோய் ஒளித்துவைக்க வேண்டாம். மாற்றுவதற்கு ஒரு படிவமும் மேலே சொன்ன அதே ஆவணங்களும்தான். வீட்டு வாடகை, எல்ஐசி தவணை, கடன் தவணை எல்லாம் என்ஆர்ஓவிலிருந்தே தொடரலாம்.

அறிகுறி: ஊரில் கட்டிய பணத்தை என்ஆர்இ கணக்கு ஏற்கவில்லை

ஏற்காது. உள்ளூர் ரூபாய் என்ஆர்ஓவுக்குத்தான் போகவேண்டும். வரி கட்டிய பிறகு அங்கிருந்து என்ஆர்இக்கு மாற்ற 2012 முதல் அனுமதி உண்டு. அடுத்த பகுதியில் சொல்லும் பத்து லட்சம் டாலர் உச்சவரம்புக்குள் அது அடங்கும்.

அறிகுறி: என்ஆர்ஓ பணத்தை வெளியே அனுப்ப விண்ணப்பித்தால் திரும்பி வருகிறது

என்ஆர்ஓவில் உள்ள சொத்து விற்ற பணம், வாரிசாக வந்த பணம், சேமிப்பு ஆகியவற்றை ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வாடகை, ஓய்வூதியம், வட்டி போன்ற நடப்பு வருமானம் இந்த வரம்பில் சேராது. வரியைக் கட்டியிருந்தால் போதும்.

திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம், வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் 15சிஏ படிவத்தில் தவறான பகுதியை நிரப்பியது. வரிக்குரிய தொகை ஓராண்டில் ஐந்து லட்சத்துக்குள் என்றால் முதல் பகுதி போதும், ஆடிட்டர் சான்று தேவையில்லை. அதற்கு மேல் என்றால் பட்டயக் கணக்காளரின் 15சிபி சான்று வேண்டும், அல்லது மதிப்பீட்டு அதிகாரியின் சான்று. அனுப்பும் பணம் வரிக்கே உட்பட்டதல்ல என்றால் அதற்குத் தனிப் பகுதி. அடுத்த காரணம், பணத்தின் மூலத்தைக் காட்டாதது. விற்பனைப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வரி கட்டிய சலான் என்று எதுவோ அதை முதல் தடவையே இணைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஓடிபி வரவில்லை

ஊர் சிம் 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நிறுவனம் அதை நிறுத்திவிட முடியும். பிறகு அந்த எண் வேறொருவர் கைக்கும் போகலாம். வங்கியில் வெளிநாட்டு எண்ணையே பதிவுசெய்யுங்கள். பெரும்பாலான வங்கிகள் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு ஏற்கின்றன. சிங்கப்பூர், அமீரகம், கத்தார், ஓமன், சவுதி, அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பத்து நாடுகளின் எண்களை யுபிஐயோடு இணைக்க 2023இலேயே அனுமதி வந்துவிட்டது. சிம்மைத் தம்பியிடமோ மைத்துனரிடமோ கொடுத்து ஓடிபி கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாளை பணம் காணாமல் போனால் ஓடிபியைப் பகிர்ந்தது நீங்கள் என்பதே வங்கியின் பதிலாக இருக்கும்.

ஊரில் ஒருவர் கணக்கை இயக்கத்தான் வேண்டும் என்றால் முறையாக அதிகாரப் பத்திரம் கொடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். இதைத் தவறவிட்ட பத்திரத்தைத்தான் வங்கி பெரும்பாலும் திருப்புகிறது. அதிகாரம் பெற்றவர் உள்ளூர்ப் பட்டுவாடா செய்யலாம், உங்களுக்கே பணம் அனுப்பலாம். உங்கள் பணத்தை மற்றவருக்கு அன்பளிப்பாகத் தர அவரால் முடியாது.

அறிகுறி: எதற்கும் பதில் இல்லை

தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது. வங்கியின் புகார் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்: “எனது என்ஆர்ஓ சேமிப்புக் கணக்கில் இந்தத் தேதியில், இந்தக் குறிப்புடன், இவ்வளவு ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. உங்கள் கட்டணப் பட்டியலின் எந்த வரியின்படி இது பிடிக்கப்பட்டது, எனக்கு முன்னறிவிப்பு எந்த நாளில் எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். அனுப்பப்படவில்லை எனில் தொகையைத் திருப்பி வரவுவைக்கவும்.” ஸ்டேட்மெண்ட்டில் அந்த வரி உள்ள பக்கத்தை இணையுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத் தக்கதாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, வெளிநாட்டிலிருந்தே ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் பதியலாம். வங்கிக்கு முதலில் எழுதிய புகாரின் நகலும் அதன் தேதியும் அங்கே கேட்கப்படும். அவை இல்லாத மனு விசாரணைக்கு எடுக்கப்படாமலே மூடப்படும்.